ஆழம் தேடும் ஈயக்குண்டு: கயாக்கில் டவுன்ரிக்கர்

ஆகஸ்ட் மாதத்தில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள பிளஃபர்ஸ் பார்க் துறையிலிருந்து ஒன்டாரியோ ஏரிக்குள் கயாக்கை இறக்குபவரின் காலில் படும் நீர் பெரும்பாலும் 20 டிகிரியைத் தாண்டியிருக்கும். குளிப்பவருக்கு இதமான நீர்தான், சினூக் சாமனுக்கு ஆகாது. 11, 12 டிகிரிக் குளிர்ச்சிதான் அந்த மீனுக்குப் பிடித்தது. அந்தக் குளிர்ச்சி ஏரியில் தாராளமாக இருக்கிறது. ஆனால் கீழே இருக்கிறது.

எவ்வளவு குளிர்ச்சி என்பதை டொராண்டோ நகரமே அளந்து வைத்திருக்கிறது. 2004 முதல் நகர மையத்தின் பெரிய கட்டடங்கள் பலவற்றைக் குளிரூட்டுவது இந்த ஏரியின் அடிநீர். கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 83 மீட்டர் ஆழத்தில் குழாய்கள் உறிஞ்சும் நீர் நடுக்கோடையிலும் 4 டிகிரியில்தான் வருகிறது. மேலே 20, அடியில் 4 என்றால், இடையில் சில மீட்டருக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும் ஓர் அடுக்கு இருக்கிறது. ஏல்வைஃப் என்னும் சிறுமீன் கூட்டங்களும் அவற்றைத் தின்னும் சாமனும் கோடையைக் கழிப்பது அந்த அடுக்கை ஒட்டித்தான். சில நாட்களில் அது 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும், சில நாட்களில் 25 மீட்டர்.

தூண்டிலைப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே போனால் சாதாரணமாக அது சில மீட்டருக்கு மேல் இறங்காது. ஈயம் கோத்த தங்கூசியில் ஒவ்வொரு 9 மீட்டர் நீளத்துக்கும் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் கிடைக்கும். நீரைக் கிழித்துக் கீழே முங்கும் பிளேனர் தகடுகள் இன்னும் கொஞ்சம் கைகொடுக்கும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம் வரை இவையே போதும். அந்த அளவுக்கு, ஈயக்குண்டால் இரையை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர் கருவியை வாங்குவது வீண்செலவு. அதற்கும் கீழே குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் இரையை நிறுத்தி இழுக்க வேண்டுமென்றால்தான் அதன் தேவை வருகிறது.

கிணற்று ராட்டினத்தில் வாளி இறங்குவதுபோலத்தான் இதுவும் வேலை செய்கிறது. உருளையில் சுற்றிய கம்பியோ பின்னல் நூலோ ஒரு நீட்டுக்கையின் நுனிக் கப்பி வழியாக இறங்குகிறது. அதன் முனையில் ஈயக்குண்டு. குண்டுக்கு மேலே ஒரு கவ்வி, அதாவது ரிலீஸ் கிளிப். தூண்டில் கம்பிலிருந்து வரும் நரம்பை அந்தக் கிளிப்பில் கவ்வவைத்துக் குண்டை இறக்கினால் நரம்பும் கூடவே இறங்கும். மீன் கடித்து இழுக்கும்போது கிளிப் நரம்பை விட்டுவிடும். அதற்குப் பிறகு மீனுக்கும் மனிதருக்கும் இடையில் எந்தப் பாரமும் இல்லை. எத்தனை அடி நூல் இறங்கியிருக்கிறது என்பதை உருளையோடு இணைந்த எண்ணி காட்டும்.

இந்தக் கருவி பரவலானதற்குப் பின்னால் மிச்சிகன் ஏரியின் கதை ஒன்று உண்டு. 1966 வசந்தத்தில், ஹோவர்ட் டேனர், வேய்ன் டோடி ஆகிய இரு மீன்வள அதிகாரிகளின் முயற்சியால், ஒரிகன் மாநிலத்திலிருந்து வந்த முட்டைகளில் பொரித்த கோஹோ சாமன் குஞ்சுகள் அந்த ஏரியில் சேரும் ஓடைகளில் விடப்பட்டன. பெருகிப்போயிருந்த ஏல்வைஃபைத் தின்று அவை கொழுத்தன. 1967 இலையுதிர் காலத்தில் பிளாட் வளைகுடாவில் சிறு படகுகள் மொய்த்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று எழுந்த புயலில் ஏழு பேர் உயிரிழந்தனர். எச்சரிக்கை இருந்தும் மீன் ஆசை பலரைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தது. ஒன்டாரியோ ஏரியில் அதன் சொந்த மீனான அட்லாண்டிக் சாமன் 1898 வாக்கில் அற்றுப்போயிருந்தது. 1960களின் இறுதியிலிருந்து அங்கும் பசிபிக் சாமன் வகைகள் விடப்பட்டன. ஆழத்தில் திரியும் இந்தப் புதுமீனைத் தேடித்தான் பேரேரிகளின் படகுகளில் டவுன்ரிக்கர் நிலையான இடம் பிடித்தது.

அதெல்லாம் மோட்டார் படகுகளின் காலம். இன்று கனடாவில் தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் ஒன்றான ஸ்கார்பரோவின் துறையிலிருந்தே கயாக்கில் சாமன் தேடிப் போக முடிகிறது. 1997-இல் ஹோபி நிறுவனம் மிராஜ் டிரைவ் என்ற மிதிப்பொறியைக் கொண்டுவந்த பிறகு, துடுப்பைப் பிடிக்க வேண்டிய இரு கைகளும் தூண்டிலுக்கும் ரீலுக்கும் கிடைத்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிட்னி நகரிலுள்ள ஸ்காட்டியின் லேக்ட்ரோலர், கேனன் நிறுவனத்தின் லேக்-ட்ரோல் போன்ற கையால் சுற்றும் சிறு டவுன்ரிக்கர்கள் கயாக்குக்குப் போதுமானவை. மின்சாரத்தில் ஓடும் பெரியவை வேண்டாம்.

குண்டின் எடை அல்ல, குண்டு சிக்குவது

புதிதாகப் பொருத்துபவர் முதலில் அஞ்சுவது குண்டின் எடைக்கு. ஒரு பக்கம் இரண்டு மூன்று கிலோ தொங்கினால் கயாக் கவிழாதா என்று கேட்பார்கள். கவிழாது. கயாக்கின் நடுக்கோட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் நீட்டுக்கையின் நுனியில் 2.7 கிலோ குண்டு, அதாவது கடையில் 6 பவுண்டு என்று விற்பது, தொங்குவதாக வைத்துக்கொள்வோம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் மறுபக்கமாக மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்து உட்கார்ந்தாலே அது சமனாகிவிடும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதே குண்டு ஏரியடியில் பாறை இடுக்கிலோ மூழ்கிய மரத்திலோ மாட்டிக்கொள்கிறது. கம்பி 150 பவுண்டு, அதாவது 68 கிலோ தாங்கக்கூடியது. அலையும் காற்றும் கயாக்கைத் தள்ளத் தள்ள, கம்பி அறுவதற்கு முன் 68 கிலோ வரை அந்த நீட்டுக்கை கீழே இழுபடும். அதைச் சமன்செய்ய அதே மனிதர் மறுபக்கமாக 68 சென்டிமீட்டர் நகர வேண்டும். மீன்பிடிக் கயாக்கின் முழு அகலமே 85, 90 சென்டிமீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 45 சென்டிமீட்டர்தான். அவ்வளவு நகர்ந்தவர் தண்ணீரில் இருப்பார்.

ஆகவே கயாக்கில் டவுன்ரிக்கர் பொருத்தும் வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும். குண்டை எப்படி இறக்குவது என்பதற்கு முன், சிக்கிய குண்டை ஒரே கையால், ஒரு நொடியில் எப்படி விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். எந்தக் கருவி, எந்த இடம், எத்தனை நீளக் கை, என்ன நூல் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

முதல் ஏற்பாடு பலவீனக் கண்ணி. குண்டுக்கும் நூலின் கொக்கிக்கும் நடுவில் சுமார் 15 கிலோவில் அறுந்துபோகும் தங்கூசியால் ஒரு சிறு வளையம் கட்டிவிட வேண்டும். குண்டின் எடையையும் அலை உலுக்கலையும் அது தாங்கும், பாறையின் பிடியைத் தாங்காது. நீட்டுக்கையையும் குறைத்து, நுனி நடுக்கோட்டிலிருந்து 50 சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி வைத்தால், கண்ணி அறும் கணத்தில்கூட மேலே சொன்ன மனிதர் 9 சென்டிமீட்டர் சாய்ந்தால் போதும். இடுப்பு நெளிவிலேயே தீர்ந்துவிடும் சாய்வு அது. ரிலீஸ் கிளிப்பைக் குண்டின் வாலில் மாட்டாமல் கண்ணிக்கு மேலே நூலில் மாட்டினால், இழப்பு குண்டோடு நிற்கும். ஈயத்தை ஏரியில் விட மனமில்லாதவர்கள் வார்ப்பிரும்புக் குண்டைத் தேடலாம். அதே எடைக்கு ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு பருமன் இருக்கும், இழுவையும் அதற்கேற்பக் கூடும். என்றாலும் சிக்கல் மிகுந்த அடித்தரையில் அதுவே நல்ல தேர்வு.

இரண்டாவது, உருளையின் பிரேக். குண்டைத் தாங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, நாலைந்து கிலோ இழுத்தால் வழுக்கி நூலை விடும்படி வைக்க வேண்டும். கைத்தராசு ஒன்றை நூல்முனையில் மாட்டி இழுத்துப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. பிரேக்கை முழுதாக முறுக்கி வைப்பது மோட்டார் படகில் பழகியவர்கள் கயாக்குக்குக் கொண்டுவரும் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும். நூலின் உள்முனையை உருளையில் முடிச்சுப் போட்டுக் கட்டாமல் ஒரு துண்டு மெல்லிய தங்கூசியால் பிணைத்து வைத்தால், எல்லா நூலும் ஓடித் தீர்ந்தாலும் கடைசியில் தானாகக் கழன்றுகொள்ளும்.

மூன்றாவது கத்தி. உயிர்காப்பு உடுப்பின் நெஞ்சுப் பக்கத்தில், எந்தக் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் நூல் பற்றிய கேள்வியும் முடிவாகிறது. பல டவுன்ரிக்கர்கள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோடு வருகின்றன. கத்தி அதை வெட்டாது. முறுக்கிக்கொண்டால் உடையும், நீரில் இழுபடும்போது ரீங்காரமும் போடும். கயாக்குக்குப் பின்னல் நூலே உகந்தது. ஒரு வெட்டில் அறும். கம்பியைக் கழற்றிவிட்டு நூலைச் சுற்றிக்கொள்வதில் தயங்கத் தேவையில்லை.

எங்கே பொருத்துவது

நங்கூரம் போடத் தெரிந்தவருக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும். கயாக்கின் நடுப்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டக் கூடாது. முன்முனையிலோ பின்முனையிலோ இழுபட்டால் கயாக் அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். நடுவில் இழுபட்டால் அலைக்குக் குறுக்காக நின்று உருளும். டவுன்ரிக்கருக்கும் இதுவே விதி. ஆனால் முன்முனையில் பொருத்தினால் கை எட்டாது, பின்னால் பொருத்தினால் உடலைத் திருப்ப வேண்டியிருக்கும். கயாக்கில் உடலைத் திருப்புவதே சமநிலையைப் பாதி இழப்பதுதான்.

அதனால் நடைமுறையில் நல்ல இடம் முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட விளிம்பு. உட்கார்ந்தபடியே கை நீட்டினால் பிரேக்கும் கைப்பிடியும் எட்ட வேண்டும், கண்ணுக்கு எண்ணி தெரிய வேண்டும், துடுப்பு வீச்சில் நீட்டுக்கை இடிக்கக் கூடாது. துளை போடுமுன் கயாக்கைப் புல்தரையில் வைத்து, அதில் உட்கார்ந்து, கருவியைப் பட்டையால் கட்டிப் பத்து நிமிடம் துடுப்பு வீசிப் பார்ப்பது நல்லது. மிதிக்கும்போது முழங்கால் எவ்வளவு உயர்கிறது என்பதைப் பலர் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்துங்கள். தண்ணீரில் விழுந்தவர் திரும்ப ஏறுவதற்கு எதுவும் நீட்டிக்கொண்டிராத ஒரு பக்கம் வேண்டும்.

பெரும்பாலான மீன்பிடிக் கயாக்குகள் பாலிஎத்திலீனால் அச்சில் சுழற்றி வார்க்கப்பட்டவை. அதில் பசை நம்பகமாக ஒட்டாது. சிலிக்கோன் நீர்க்கசிவை அடைக்க உதவுமே தவிர பாரம் தாங்காது. விளிம்புத் தகடு சில மில்லிமீட்டர் தடிமன்தான். இதில் வெறும் ரிவெட்டோ ரப்பர் நட்டோ போட்டு டவுன்ரிக்கரை மாட்டினால் முதல் பெரிய இழுப்பில் பிய்ந்துவிடும். முறையான வழி 6 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள், உள்பக்கம் ஒரு தாங்குதகடு, அகல வாஷர், தளராத நைலான் நட்டு. தாங்குதகட்டுக்குக் காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையை அளவாக அறுத்துக்கொள்ளலாம், நீரில் கெடாது. உள்ளே கை போக மூடித்துளை ஏதாவது அருகில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கை எட்டாத இடத்தில் எவ்வளவு நல்ல துளை போட்டும் பயனில்லை.

கயாக்கிலேயே தண்டவாளம்போல் நீளப் பள்ளம் பதிந்திருந்தால், அதன் திருகுகள் எதில் பிடித்திருக்கின்றன என்று பார்த்தபின் அதைப் பயன்படுத்தலாம். அடியில் தாங்குதகடு இல்லாத பள்ளம் தூண்டில் கம்புக்கும் கேமராவுக்கும் சரி, இதற்குப் போதாது. பந்துமூட்டு உள்ள தாங்கிகளில் ஓர் அங்குலப் பந்து பாரத்தில் சுழன்று தொங்கும். ஒன்றரை அங்குலப் பந்தாவது வேண்டும். துளை போடவே மனம் வராதவர்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரு குறுக்குப்பலகை வைத்து, கயாக்கில் ஏற்கெனவே உள்ள வளையங்களில் பட்டையால் இறுக்கி, அதன்மேல் கருவியை மாட்டிக்கொள்கிறார்கள். நன்றாக இறுக்கிய பலகை, மோசமாகத் துளைத்த விளிம்பைவிட எவ்வளவோ மேல்.

மாட்டியபின் தரையிலேயே சோதனை. நீட்டுக்கை நுனியில் கைத்தராசை மாட்டி 15 கிலோ வரை கீழே இழுத்துப் பார்க்க வேண்டும். விளிம்பு நெளிந்தால், தாங்குதகட்டைப் பெரிதாக்க வேண்டும். வெயிலில் சூடேறிய பாலிஎத்திலீன் இளகும் என்பதால் இந்தச் சோதனையை மதிய வெயிலில் செய்வதே உண்மையைக் காட்டும்.

இறக்குதல்

துறையிலிருந்து கிளம்பும்போது குண்டு நீட்டுக்கையில் தொங்கக் கூடாது. கயாக்கின் உள்தளத்தில், நடுவில், உருளாதபடி கட்டிவைத்திருக்க வேண்டும். கரையலையில் ஆடும் மூன்று கிலோ ஈயம் கால்விரலையும் உடைக்கும், கயாக்கின் பக்கத்தையும் இடிக்கும்.

இடம் வந்தபின் முதல் வேலை நேர்கோட்டில் சீராக மிதிக்கத் தொடங்குவது. நின்றுகொண்டு இறக்கினால் நரம்பு குண்டையே சுற்றிக்கொள்ளும். இரையை அருகில் நீரில் விட்டு அது சரியாக ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னால் விட வேண்டும். கிளிப்புக்கும் இரைக்கும் இடையில் எவ்வளவு நரம்பு என்பது ஆழத்தைப் பொறுத்தது. 15, 20 மீட்டருக்குக் கீழே 3 முதல் 6 மீட்டர் போதும். மேலடுக்கில், தெளிந்த நீரில், கயாக்கின் நிழலிலிருந்து விலக 15 மீட்டரும் அதற்கு மேலும் தேவைப்படலாம். பிறகு நரம்பைக் கிளிப்பில் கவ்வவைத்து, கம்பை அதன் தாங்கியில் நிறுத்தி, ரீலின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, பிரேக்கை விரல் அழுத்தத்தில் வைத்து மெதுவாகக் குண்டை இறக்க வேண்டும். கைப்பிடி தலைகீழாகச் சுழலும் மாதிரிகளில் மணிக்கட்டைத் தள்ளியே வையுங்கள்.

ஆழம் வந்ததும் பிரேக்கைப் பிடித்துவிட்டு, ரீலை இறுக்கிச் சுற்றி, கம்பின் நுனி வில்லாக வளையும்வரை நரம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். மீன் கடித்துக் கிளிப் விடும்போது அந்த வளைவு நிமிர்ந்து தளர்வை எடுத்துக்கொள்ளும். நரம்பைக் கிளிப்பின் உதட்டில் நுனியாக வைத்தால் எளிதில் விடும், உள்ளே தள்ளினால் கெட்டியாகப் பிடிக்கும். கயாக்குக்கு நுனிப்பிடி போதும், ஏனென்றால் கிளிப்பை இழுத்துவிட மோட்டாரின் பலம் இங்கே இல்லை.

எண்ணி காட்டும் அடி, குண்டின் ஆழம் அல்ல. கயாக் முன்னே போகப் போக நூல் பின்னால் சாய்கிறது. 30 மீட்டர் நூல் நிமிர்கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் ஆழம் 26 மீட்டர். 45 டிகிரியில் 21. உண்மையில் நூல் வளைந்தே தொங்கும். நீர்மட்டத்தில் காணும் சாய்வுதான் அதிகபட்சம், அடியில் அது நிமிர்ந்திருக்கும். அதனால் குண்டு இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கீழேயே இருக்கும். அடித்தரைக்கு மேலே 3 மீட்டராவது இடைவெளி வைக்க வேண்டியதன் காரணம் இது.

சோனார் திரையில் குண்டு தெரியும் என்று நம்பி இறங்குபவர்கள் ஏமாறுவார்கள். 20 டிகிரிக் கூம்பு உள்ள சோனார் 26 மீட்டர் ஆழத்தில் பார்ப்பது தனக்கு நேர்கீழே இருந்து நாலரை மீட்டர் ஆரத்துக்குள்தான். 30 டிகிரி சாய்ந்த நூலின் குண்டு 15 மீட்டர் பின்னால் இருக்கும். சோனாரின் வேலை வேறு: அடித்தரை எழும்புகிறதா, இரைமீன் கூட்டம் எந்த ஆழத்தில், வெப்பம் மாறும் அடுக்கு எங்கே. அந்த அடுக்கு பல நாட்களில் திரையில் மங்கலான கிடைப்பட்டையாகத் தெரியும். அதற்குச் சற்று மேலே தொடங்கி மூன்று மீட்டர் மூன்று மீட்டராகக் கீழே தேடிப்போவது நல்ல முறை. விடியலில் மேலே, வெயில் ஏற ஏறக் கீழே.

சினூக்குக்குப் படகுக்காரர்கள் மணிக்கு 3.5 முதல் 4.5 கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பார்கள். மிதிக்கும் கால்கள் மணிக்கணக்கில் தாங்குவது இந்த வரம்பின் கீழ்ப்பாதியை. அதனால் இரையையும் கயாக்குக்கு ஏற்றதாகத் தேர்வது புத்திசாலித்தனம். பதினொரு அங்குலச் சுழல்தகடு நல்ல கவர்ச்சிதான். ஆனால் அதன் இழுவை கால்களைத் தின்றுவிடும், குண்டையும் இன்னும் பின்னால் தள்ளும். மெல்லிய உலோக ஸ்பூன் குறைந்த வேகத்திலேயே நெளிந்து ஆடும். அது போதும். கயாக்குக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. மிதிப்பதை இரண்டு நொடி நிறுத்தினால் குண்டு நேராகக் கீழே சரிந்து, இரை தளர்ந்து வீழ்வதுபோல் இறங்கும். மீண்டும் மிதித்தால் துள்ளி எழும். பின்தொடர்ந்து வந்த மீன் பல நேரம் அந்தக் கணத்தில்தான் கடிக்கிறது.

திரும்பும்போது அகலமாகத் திரும்ப வேண்டும். குறுகலாகத் திரும்பினால் குண்டு கயாக்கின் அடியில் வந்து மிதிப்பொறியின் துடுப்பில் நூல் சுற்றும்.

சிக்கினால்? நூலின் சாய்வு திடீரென்று கூடும், விளிம்பு கீழே போகும். முதல் செயல் பிரேக்கைத் திறப்பது. இரண்டாவது, மிதிப்பதை நிறுத்தி, வந்த வழியே பின்னோக்கிப் போய்க் குண்டுக்கு நேர்மேலே நிற்பது. பின்னோக்கி மிதிக்கும் வசதியுள்ள பொறிகள் இதில் பெரும் உதவி. அங்கிருந்து மேல்நோக்கி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் கண்ணி அறும்வரை கையால் இழுக்கலாம், அலை பெரிதாக இருந்தால் உடனே நூலை வெட்டிவிட வேண்டும். பக்கவாட்டில் நின்று இழுத்துப் பார்க்கவே கூடாது. ஒன்டாரியோ ஏரியடிப் பாறைகளை அப்பியிருக்கும் சிப்பிகளின் ஓடுகள் கூரானவை. சிக்கி மீண்ட நூலின் கடைசி இரண்டு மூன்று மீட்டரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் அறுத்தெறிந்து புதுமுடிச்சுப் போட வேண்டும்.

மீன் பட்டபின்

கம்பு நிமிர்ந்து மீண்டும் வளைகிறது. கையில் எடுத்துத் தளர்வைச் சுற்றிக்கொண்டே மிதியுங்கள். மிதிப்பதை நிறுத்தினால் நரம்பு தளரும், குண்டும் தொங்கி மீனின் பாதையில் நிற்கும். சினூக் முதல் ஓட்டத்தில் நரம்பைத் தூரமாக இழுத்துச் செல்லும் மீன். அந்த ஓட்டம் முடிந்து அது மூச்சு வாங்கும் நேரமே குண்டை மேலேற்றும் நேரம். கம்பை மறுபக்கத் தாங்கியில் நிறுத்தி, ஒரு கையால் குண்டைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மீனை அருகே கொண்டுவந்தால், அது கயாக்கைச் சுற்றும்போது நரம்பு டவுன்ரிக்கர் நூலில் உரசி அறுந்துவிடும். கயாக்கில் கைதவறும் நல்ல மீன்களில் ஒரு பங்கு இப்படித்தான் போகிறது.

மீனைப் பிடித்து விட்டுவிடலாம் என்ற எண்ணம் கோடையில் அவ்வளவு எளிதல்ல. 11 டிகிரி நீரிலிருந்து வந்து போராடிக் களைத்த சாமன், 20 டிகிரிக்கு மேற்பட்ட மேல்நீரில் மூச்சு மீள முடியாமல் பல நேரம் சாகிறது. வேண்டிய மீன் கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தூண்டிலை எடுத்துவிடுவதுதான் அந்த மீனுக்குச் செய்யும் மரியாதை. பெரிய மீனை வீட்டுக்குக் கொண்டுபோகுமுன், எந்த நீர்நிலையில் எந்த அளவு மீனை எத்தனை முறை உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசு வெளியிடும் வழிகாட்டியைப் பார்த்துவிடுவது நல்லது, குறிப்பாகக் குழந்தைகளுக்குச் சமைப்பவர்கள்.

குளிர்நீர் கரைக்கு வரும் நாள்

கோடையில் மேற்குக் காற்று ஒரு நாளுக்கு மேல் பலமாக வீசினால் ஒரு மாற்றம் நடக்கும். பூமியின் சுழற்சி மேல்நீரைக் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது தெற்கே அமெரிக்கக் கரைப்பக்கம், தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப டொராண்டோ கரையில் அடிநீர் மேலெழும். நேற்று 20 டிகிரி இருந்த கரையோர நீர் இன்று 10 டிகிரிக்கும் கீழே. குளிக்க வந்தவர்கள் திரும்பிப்போவார்கள். கயாக்கில் மீன்பிடிப்பவருக்கோ அது பொன்னான நாள், ஏனென்றால் குளிர்ச்சியோடு மீனும் கரையை நெருங்கும். பத்து மீட்டர் ஆழத்திலேயே சாமன் கிடைக்கும்.

அதே நாள்தான் கவிழ்ந்தால் உயிர்போகும் நாளும். காற்று வெப்பம் 28 டிகிரி, வெயில் சுள்ளென்று அடிக்கும், அரைக்கால் சட்டையோடு கிளம்பத் தோன்றும். விழும் நீரோ 8 டிகிரி. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் பற்றிய தம் ஆய்வுகளை 1-10-1 என்று சுருக்கித் தந்திருக்கிறார்: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணிநேரம். உயிர்காப்பு உடுப்பு இல்லாதவருக்கு முதல் நிமிடமே கடைசி நிமிடமாகலாம். உடுத்த வேண்டியது நீரின் வெப்பத்துக்கு, காற்றின் வெப்பத்துக்கு அல்ல. கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி ஏறும் பயிற்சியை டவுன்ரிக்கர் மாட்டிய நிலையிலேயே, வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில், செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஸ்கார்பரோவுக்கே உரிய இன்னொரு பொறி வடக்குக் காற்று. துறைக்கு இருபுறமும் நீளும் செங்குத்து மண்மேடுகள் சில இடங்களில் 90 மீட்டர் உயரம் வரை எழுகின்றன. வாடை வீசும் நாளில் அவற்றின் மறைவில் நீர் கண்ணாடியாகக் கிடக்கும். மீனைத் தேடி வெளியே போகப் போக மறைவு விலகும், காற்று முதுகில் தள்ளும், போவது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் எதிர்காற்றும் எதிரலையும் தெரியவரும். குண்டை நீரில் விட்டுக்கொண்டு எதிர்காற்றில் மிதிப்பது இரட்டைச் சுமை. காற்றறிக்கையில் வடக்கு என்று இருந்தால் அன்று கரையோடு கரையாக இருப்பதும், காற்று எழுந்ததும் முதல் வேலையாகக் குண்டை மேலேற்றுவதும் வழக்கமாக வேண்டும். உயிர்காப்பு உடுப்பு, 15 மீட்டர் மிதவைக் கயிறு, நீர் இறைக்கும் கருவி, விசில் ஆகியவை கனடாச் சட்டப்படி கயாக்கிலும் இருக்க வேண்டியவை. இவற்றோடு நீர்புகாத வானொலி ஒன்று 16-ஆம் அலைவரிசையில் திறந்திருந்தால் நல்லது.

கரையேறிய பின்

ஆகஸ்டில் நூலை மேலேற்றும்போது நனைந்த பஞ்சுபோல ஏதோ திரளாக ஒட்டி வருவதைப் பார்க்கலாம். ஒன்டாரியோ ஏரியில் 1998-இல் முதலில் கண்டறியப்பட்ட, கொக்கிவால் கொண்ட நீர்த்தெள்ளு அது. நுண்ணிய வால்களால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நூலில் அப்பும். கம்பின் நுனி வளையத்தை அடைத்து மீனை இழுக்க முடியாமல் செய்துவிடும். மெல்லிய நரம்பில் அதிகம் அப்பும், தடித்த தங்கூசியில் குறைவு. குண்டை ஏற்றும்போது ஈரத்துணியால் நூலைப் பிடித்துக்கொண்டே சுற்றினால் உருளைக்குள் போகாது.

இவை நூலோடு வேறு ஏரிக்குப் போய்விடக் கூடாது. 2022 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் படகை நிலவழி கொண்டுசெல்லுமுன் செடிகொடிகளையும் ஒட்டிய உயிரிகளையும் நீக்கி, உள்ளே தேங்கிய நீரை வடிப்பது சட்டம். கயாக்குக்கும் அது பொருந்தும். ஆகவே துறையிலேயே அடிச்செருகியைத் திறந்து நீரை வடித்து, உருளையில் உள்ள நூலை முழுதாக வெளியே எடுத்துத் துடைத்து, வீட்டில் வெயிலில் உலரவிட வேண்டும். உலர்ந்த நூலைத் திரும்பச் சுற்றும்போதே பலவீனக் கண்ணியைப் புதிதாகக் கட்டி, போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கி, பிரேக்கைக் கைத்தராசில் இழுத்துப் பார்த்துவிட்டால் அடுத்த முறைக்குக் கருவி தயார்.